மேலே வைத்த தீர்ப்பு

"நீலமா, வெள்ளையா அண்ணி?"

நாத்தனார் இரண்டு சட்டைகளையும் ஹேங்கரோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு படுக்கையறை வாசலில் நின்றாள். அழுது வீங்கிய முகம். ஒரு கையில் நீலம், மறு கையில் வெள்ளை. பார்க்கத் துணிக்கடையில் வேலை செய்கிறவள் போல இருந்தாள்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் இந்தக் கேள்விக்கு அவள் புருஷன் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. "நீலமும் நல்லாத்தான் இருக்கு. வெள்ளையும் மரியாதையா இருக்கு" என்பார். அப்புறம் அவள் எதை எடுத்து நீட்டுகிறாளோ அதைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போவார். காபியா டீயா என்று கேட்டாலும் அதே கதைதான். பையனை எந்தக் காலேஜில் சேர்ப்பது, இந்த வீட்டை வாங்குவதா வேண்டாமா, உங்கள் தங்கை என்னை நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னது நியாயமா என்று எதைக் கேட்டாலும் அவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்வார். மதில் மேல் பூனையாவது என்றைக்காவது ஒரு பக்கம் குதிக்கும். இவர் மதில் மேலேயே குடித்தனம் நடத்தி முடித்துவிட்டார்.

"நீலம்," என்றாள்.

"கோர்ட்டுக்கு வெள்ளைதானே அண்ணி போடுவாரு?"

"அதுக்காகத்தான் சொல்றேன். நீலத்தைப் போடச் சொல்லு."

கூடத்தில் கண்ணாடிப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து இறக்கியவர்கள், பிளக் கொஞ்சம் லூசாக இருக்கிறது, ஒயரை யாரும் காலால் இடறிவிடாதீர்கள் என்று எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் வந்தவர்கள் எல்லாரும் முதலில் ஒயரைப் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள். மகன் வாசலில் நின்று போனில் சவ வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்கு மேல் தாமதித்தால் மயானத்தில் வேறு ஆளுக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்களாம். அங்கேயும் வரிசை இருந்தது.

முந்தின நாள் காலையில் கோர்ட் வராந்தாவில் அவர் பையோடு விழுந்தார். நீதிபதியின் டிரைவர்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழியிலேயே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். நர்ஸ் அடையாள அட்டையைக் கேட்டபோது, டீச்சர்தான் அந்தப் பையைத் திறந்து தேடினாள்.

அவர் நீதிபதியின் சட்ட எழுத்தர். அது என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியாது. கோர்ட்டில் கிளார்க்கு என்றால் முத்திரை குத்துகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் சட்டம் படித்தவர். எழுந்து நின்று வாதாடச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதால் இந்த வேலைக்கு வந்தார். ஒரு வழக்கின் கட்டு முழுவதையும் படித்து, சாட்சிகள் சொன்னதைச் சுருக்கி, பழைய தீர்ப்புகளைத் தேடியெடுத்து, கடைசியில் புதுத் தீர்ப்பையும் எழுதி வைப்பார். நீதிபதி அதை ஏறி உட்கார்ந்து வாசிப்பார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

அவர் மூன்று நீதிபதிகளிடம் வேலை பார்த்தார். மூன்று பேருக்கும் டீச்சர் பெயர் வைத்திருந்தாள். முதலாமவர் 'தூக்கம்'. மத்தியானத்துக்குமேல் எந்தச் சாட்சி பேசினாலும் அவருக்கு அது தாலாட்டு. இரண்டாமவர் 'அகராதி'. அவள் புருஷன் எழுதிக் கொடுத்ததில் 'ஆகையால்' என்று இருந்தால் அதை அடித்து 'ஆதலால்' என்று போடுவார். அன்று முழுக்கத் தீர்ப்பு எழுதிய களைப்போடு நடமாடுவார். மூன்றாமவர், இப்போது இருப்பவர், 'கையெழுத்து'. அவருடைய கையெழுத்து மட்டும் கோலம் போட்டது போல அத்தனை அழகாக இருக்கும். அதைத் தவிர அவர் சொந்தமாக எதையும் எழுதி யாரும் பார்த்ததில்லை.

ஒவ்வொரு வழக்குக்கும் இரண்டு தீர்ப்பு எழுதி வைப்பது அவருடைய பழக்கம். தூக்கத்தின் காலத்தில் ஆரம்பித்தது. விழித்துக்கொண்ட நேரத்தில் நீதிபதி எந்தப் பக்கம் சாய்வார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் குற்றவாளி என்று ஒன்று, விடுதலை என்று ஒன்று, இரண்டும் தயாராக இருக்கும். அகராதிக்கும் அது பிடித்துப்போனது, கையெழுத்துக்கு அதைவிடப் பிடித்துப்போனது. டீச்சர் சிலவற்றைப் படித்திருக்கிறாள். முதலாவதைப் படித்தால் இவன்தான் திருடன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம் போலிருக்கும். இரண்டாவதைப் படித்தால் அதே ஆளைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருக்கும்.

"இதுல எதுதான் நெஜம்னு உங்களுக்குப் படுது?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"ரெண்டையும் நான்தானே எழுதணும். எனக்கு ஒண்ணும் படக்கூடாது," என்றார்.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிற விலாங்குக்கு மாசச் சம்பளம் கொடுத்து ஒரு நாற்காலியும் போட்டுவிட்டார்கள் என்று அவள் அன்றைக்கு முடிவு செய்தாள். அந்த முடிவை அவள் பிறகு மாற்றிக்கொள்ளவே இல்லை.

நீதிபதி எடுக்காத தீர்ப்பு வீட்டுக்கு வந்துவிடும். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் நல்ல தாள். டீச்சர் அதில் கணக்குப் போட்டுப் பார்ப்பாள். மிஞ்சியதைச் சமையலறை அலமாரியில் தட்டுகளுக்கு அடியில் விரிப்பாள். யாருக்கும் கிடைக்காத விடுதலைகளின் மேலும், யாரும் அனுபவிக்காத தண்டனைகளின் மேலும் அவள் வீட்டு உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் உட்கார்ந்திருந்தன.

பத்து மணிக்கு வாசலில் பெரிய கார் வந்து நின்றது. "ஐயா வந்துட்டாரு" என்றான் மகன். நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். நாத்தனார் அழுகையை நிறுத்திப் புடவையைச் சரிசெய்துகொண்டாள். மகன் முதுகை வளைத்துக்கொண்டு ஓடினான். அந்த வளைவை அவன் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை, ரத்தத்திலேயே வந்தது. பெட்டிக்குள் இருந்தவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. நீதிபதி உள்ளே வந்து அவர் எழுந்திருக்காதது இதுதான் முதல் தடவை என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

கையெழுத்து ஒயரைத் தாண்டி வந்து, பெட்டியின் மேல் மலர்வளையத்தை வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். டிரைவர் அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றார்.

"ஈடு செய்ய முடியாத இழப்பும்மா," என்றார் நீதிபதி. எல்லாருக்கும் கேட்கும்படியான குரல். "நீதி என்கிற ஆலமரத்துக்கு வெளியே தெரியாத வேராக இருந்தவர். வேரைப் பார்த்து யாரும் மரத்தைப் புகழ்வதில்லை. ஆனால் வேர் இல்லாமல் நிழல் இல்லை."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். இந்த வேரும் நிழலும் அவளுக்குத் தெரியும். போன வருஷம் ஒரு மூத்த பெண் வக்கீல் இறந்தபோது, இரங்கல் கூட்டத்தில் நீதிபதி பேசுவதற்காக அவள் புருஷன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியது. எழுதிவிட்டு, "கேக்க நல்லாருக்கா?" என்று அவளிடம் வாசித்தும் காட்டினார்.

"எல்லாருக்கும் ஒரு தாயாக இருந்து," என்று நீதிபதி வேகமாகப் போய்க்கொண்டிருந்தவர், ஒரு நொடி தடுமாறி, "அதாவது, ஒரு தாயைப் போல பொறுமையாக இருந்து," என்று சமாளித்தார்.

கூட்டத்தில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. நாத்தனார் மறுபடி அழத் தொடங்கினாள். தன் சாவுக்கான பேச்சையும் தானே எழுதி வைத்துவிட்டுப் போன மனிதரை டீச்சர் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நீலச் சட்டை அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

மகன் காபி கொண்டுவந்தான். நீதிபதி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் நாற்காலியை டீச்சர் பக்கம் நகர்த்தினார். குரல் பாதியாகக் குறைந்தது.

"டீச்சர், இந்த நேரத்துல கேக்கறது தப்புதான். அவர் பை எங்க இருக்குன்னு தெரியுமா?"

"எதுக்கு சார்?" ஊரே ஐயா என்று கூப்பிடுகிறவரை அவள் மட்டும் சார் என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னிக்கு மத்தியானம் ஒரு தீர்ப்பு சொல்லணும். நாளையிலேருந்து கோர்ட்டுக்கு லீவு. இன்னிக்குச் சொல்லலேன்னா லீவு முடிஞ்சுதான். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு பாவம் உள்ளேயே கெடக்கணும். மனசு கேக்கல."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். லீவு முடிந்ததும் அவருக்குப் பெரிய கோர்ட்டுக்குப் பதவி உயர்வு, அதற்குள் மேசையில் பாக்கி எதுவும் இருக்கக்கூடாது என்று டிரைவர் முந்தின நாளே ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லியிருந்தார்.

வழக்கு அவளுக்கும் தெரியும். படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பணக்காரக் கிழவர், தூக்க மாத்திரை அதிகமாகிச் செத்துப்போனார். பார்த்துக்கொள்ள வந்த பெண்தான் கொடுத்துவிட்டாள் என்று கிழவரின் பிள்ளைகள் சொன்னார்கள். அவரே சேர்த்துவைத்துப் போட்டுக்கொண்டார் என்று அந்தப் பெண் சொன்னாள். பிடித்து உள்ளே போட்டதிலிருந்து அவள் வெளியே வரவில்லை. அவளுடைய அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்துகொள்வாளாம். குடிக்கத் தண்ணீர் எங்கே என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்தவளைப் போலக் கேட்பாளாம். இதை மட்டும் அவர் வீட்டில் இரண்டு மூன்று தடவை சொல்லியிருந்தார்.

"ஃபைல் இங்கதான் இருக்கு ஐயா," என்று மகன் முந்திக்கொண்டான். டீவிக்குக் கீழே இருந்த பலகையில் இரண்டு கோப்புகளும் தனித்தனியாகக் கிடந்தன. ஒன்றின் மேல் யாரோ தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தார்கள்.

நீதிபதியின் முகம் மாறியது. பை அப்படியே இருக்கும் என்று நினைத்து வந்திருக்கிறார்.

"இதுல எது மேல இருந்துச்சு?" என்றார்.

"மேலன்னா?"

"பைக்குள்ள. எது மேல, எது கீழ?"

"அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"சும்மா, ஒரு ஒழுங்குக்குத்தான்."

டிரைவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "மேல இருக்கறதுலதான் டீச்சர், ஐயா கையெழுத்துப் போடுவாரு. எப்பவுமே அப்படித்தான்."

நீதிபதி திரும்பி டிரைவரை ஒரு முறை முறைத்தார். டிரைவர் தன் கால்விரல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார். லீவு முடிந்தால் இந்த நீதிபதி இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

டீச்சருக்கு அது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. கையெழுத்து எதையும் படித்ததில்லை. அது பெரிய சேதி இல்லை, அவள் சந்தேகப்பட்டதுதான். ஆனால் இரண்டில் ஒன்றை எடுத்து மேலே வைத்தது யார்? தினமும் வைத்தது யார்? நீலமும் நன்றாக இருக்கிறது, வெள்ளையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த வாய்க்குப் பின்னால் ஒரு கை இருந்திருக்கிறது. யாருக்கும் சொல்லாமல், யாரிடமும் மாட்டிக்கொள்ளாமல், ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்துக்கொண்டே இருந்த கை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. வீட்டில் ஒரு சட்டைக்குக்கூட வாயைத் திறக்காதவர், ஊரார் தலைகளுக்கெல்லாம் பக்கம் பார்த்து வைத்திருக்கிறார்.

எது மேலே இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அடையாள அட்டையைத் தேடியபோது அவள் கையில் முதலில் வந்த கோப்பு விரிந்து கடைசிப் பக்கம் தெரிந்தது. 'குற்றவாளி எனத் தீர்மானிக்கிறேன்.' அந்த நேரத்தில் அது அவளுக்கு வெறும் காகிதம்.

"இருங்க, வரேன்," என்று இரண்டு கோப்புகளையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முந்தாநாள் சாயங்காலம் இதே இரண்டையும் அவர் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தார். கீழே இருந்ததை உருவி மேலே வைத்தார். மறுபடி மாற்றினார். அவள் எதிரே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "என்ன, தனியா சீட்டாடறீங்களா?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"சாகணும்னு முடிவு பண்ணினவன் பேரன் பொறந்த நாளுக்குப் பொம்மை வாங்கச் சொல்லுவானா?" என்றார்.

"யாரு?"

"அந்தக் கெழவர். வாங்கிட்டு வரச் சொல்லிப் பணம் குடுத்திருக்காரு. ஆனா மாத்திரையும் தலகாணி உறைக்குள்ள இருந்திருக்கு." கோப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீ என்ன நெனைக்கிறே?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு வழக்கைப் பற்றி அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவளுக்கு இன்னும் ஒரு கட்டுத் தாள் பாக்கியிருந்தது. "சம்பளம் வாங்கறது நீங்களா, நானா?" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி மாற்றி வைத்தார். காலையில் செருப்பு மாட்டுவதற்கு முன்னால்கூட ஒரு தடவை பையைத் திறந்து மூடினார். திறந்து என்ன செய்தார் என்று அவள் பார்க்கவில்லை. வராந்தாவைத் தாண்டி நீதிபதியின் சேம்பருக்குள் போவதற்குள் இன்னும் ஒரு தடவை மாற்றியிருப்பாரோ என்னவோ.

மேடையில் கோப்புகளை விரித்து நின்றபடியே படித்தாள். குற்றவாளி என்று சொன்னது நறுக்கென்று இருந்தது. மருந்து அலமாரியின் சாவி அந்தப் பெண்ணின் இடுப்பில்தான் இருந்தது. அன்று காலையில்தான் கிழவரின் மகள் அவளை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். படித்து முடித்தபோது அந்தப் பெண்ணின் மேல் டீச்சருக்கு வெறுப்பாக இருந்தது. அடுத்ததை எடுத்தாள். கிழவர் மூன்று மாதமாக ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தலையணை உறையைத் துவைக்கக் கழற்றியபோது நாலு மாத்திரை கிடைத்தது என்று அந்தப் பெண்ணே மகளிடம் காட்டியிருக்கிறாள். மகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. படித்து முடித்தபோது கிழவரின் மகளைப் பிடித்து நாலு அறை விடவேண்டும் போல இருந்தது.

என்ன மனுஷன் இவர். இரண்டிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவளுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. எதற்காக இத்தனை பாடு? விடுதலையை மேலே வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் முடிந்தது. வெளியே இருக்கிற மனிதர் கோலம் போட்டுவிட்டுப் போய்விடுவார். வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். விடுதலையை எடுத்து மேலே வைத்தாள். கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். பொம்மை வாங்கப் பணம் கொடுத்த கிழவர் நினைவுக்கு வந்தார். வாயைத் திறந்து விழுங்கச் சொன்னபோது மறுக்கத் தெம்பில்லாமல் கிடந்திருந்தால்? திரும்பி வந்து குற்றவாளியை மேலே வைத்தாள். நாலு மாத்திரையைக் கொண்டுபோய்க் காட்டினவள் எதற்குக் கொல்லப்போகிறாள்? மறுபடி மாற்றினாள். மறுபடியும்.

தன் கைகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அவர் செத்ததிலிருந்து முதல் தடவையாக அழுதாள். சத்தம் வெளியே கேட்காதபடி நன்றாகவே அழுதாள். அவர் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். தப்பாகவாவது ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கலாம். பாத்திரத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மகன் கதவுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றிருந்தான். "அம்மா, ஐயாவை எவ்வளவு நேரம் உக்கார வைப்பே? ஏதோ ஒண்ணக் குடுத்து அனுப்பும்மா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏதோ ஒண்ணு குடுக்கறதுக்கு இது சுண்டலா?"

நீதிபதிக்கு முன்னால் இருந்த சின்ன மேசையிலிருந்து காபி டம்ளரை எடுத்துக் கீழே வைத்தாள். கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில், விளிம்பு ஒட்டினாற்போல வைத்தாள்.

"இப்படித்தான் இருந்துச்சு சார்."

"எது மேல?"

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல. இந்த ஒரு தடவை அவர் பக்கத்துல பக்கத்துலதான் வெச்சிருந்தார்."

"பைக்குள்ள எப்படிம்மா பக்கத்துல..."

"நான்தானே சார் பையைத் திறந்தேன்."

நீதிபதி இரண்டு கோப்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஹோட்டலில் விலை போடாத மெனுவைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு இரண்டையும் சேர்த்து எடுக்கக் கை நீட்டினார். "சரி, நான் சேம்பர்ல வெச்சுப் பாத்துக்கறேன்."

டீச்சர் இரண்டின் மேலும் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

"ஒண்ணுதான் சார் போகும். இங்க உக்காந்து ரெண்டையும் படிங்க. எதுன்னு சொல்லுங்க, அதை எடுத்துட்டுப் போங்க. இன்னொண்ணு அவரோட போகும்."

பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது. "அண்ணி!" என்றாள் நாத்தனார். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அவரோட குடும்ப ஓய்வூதியக் காகிதமெல்லாம் என் மேசைக்குத்தான் டீச்சர் வரும்," என்றார் நீதிபதி மெதுவாக. சொல்லிவிட்டு ஒரு புன்னகையும் செய்தார்.

"வரட்டும் சார். அதையும் படிச்சுட்டே கையெழுத்துப் போடுங்க."

டிரைவருக்கு இருமல் வந்தது. நீதிபதி சுற்றிலும் பார்த்தார். நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்விடலாம். போனால் மத்தியானம் மேடையில் ஏறி உட்கார்ந்து வாசிப்பதற்குக் கையில் ஒரு தாளும் இருக்காது. அவர் சட்டைப்பையைத் தடவினார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல," என்றார். தப்பித்துவிட்டவர் போல முகம் தெளிந்தது.

டீச்சர் அலமாரிக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தவை அப்படியே இருந்தன. கடிகாரம், பேனா, கண்ணாடி. கண்ணாடியை எடுத்துத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். தினமும் காலையில் துடைத்துக் கொடுப்பது போலவே இரண்டு பக்கமும் ஊதித் துடைத்தாள்.

"இதைப் போட்டுப் பாருங்க. உங்க வயசுதான் அவருக்கும்."

நீதிபதி அதை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கிப் போட்டுக்கொண்டார். அவருடைய அகலமான முகத்துக்கு அது சின்னதாக இருந்தது. காதோரத்தில் பிடித்தது. முதல் கோப்பைத் திறந்தார்.

படிக்கும்போது அவருடைய உதடுகள் அசைந்தன. வரிக்குக் கீழே விரல் வைத்துப் படித்தார். டீச்சர் எத்தனையோ பிள்ளைகளை அப்படிப் பார்த்திருக்கிறாள். ஆரம்பத்தில் பக்கங்கள் வேகமாகப் புரண்டன. ஏமாற்றுகிற பிள்ளை புரட்டுகிற வேகம் அது. அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். புரளுகிற வேகம் குறைந்தது. இரண்டாவது கோப்புக்கு வந்தபோது ஒரு இடத்தில் விரல் நின்றது. அவர் முதல் கோப்பை மறுபடி திறந்து எதையோ தேடினார். தேடி எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு படித்தார். காபி ஆறிப்போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போக மகனுக்குத் தோன்றவில்லை.

வாசலில் சவ வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எடுத்துடலாங்களா? மணி ஆச்சு."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றாள் டீச்சர். "கொஞ்சம் இருங்க."

"அங்க வரிசையில இடம் போயிடும்மா."

"போனா போகட்டும். அவரும் கூட இருந்து பாக்கட்டும்."

நீதிபதி நிமிரவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது. ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, வாயைப் பாதி திறந்து, வலது பக்கம் திரும்பினார். எதையோ கேட்க வேண்டியிருக்கும்போது அவர் எப்போதும் திரும்புகிற பக்கம் அது. அந்தப் பக்கம் கண்ணாடிப் பெட்டி இருந்தது. நீலச் சட்டையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, விரல் இருந்த வரிக்குத் திரும்பினார்.

வெளியே வண்டிக்காரர் எஞ்சினை அணைத்தார்.